எல்லா மொழியிலயும் அம்மாவுக்கு 'ம' சத்தம் வருதே, எல்லாம் தமிழ்ல இருந்து போனதா?

கேள்வி கேட்டவர் அனேகமா 'மம்மி'ன்னு கூப்பிடுற வாண்டு ஒன்னை வச்சிக்கிட்டு மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறவரா இருக்கணும், இல்லன்னா 'உலகத்துக்கே அம்மாவைக் குடுத்தது தமிழ்'னு சுத்துற வாட்ஸப் மெசேஜைப் பாத்துட்டு யோசிக்கிறவரா இருக்கணும். ரெண்டாவதுன்னா பதில் சின்னதுதான், இல்லை. நான் மொழியியல் படிச்சவ இல்ல, ஏஎல் பரீட்சைக்கு எடுத்தது கொமர்ஸ், ஆனா இந்த விஷயத்துல எனக்கு ஒரு சொந்தக் கடுப்பு இருக்கு, அதனால தேடித் தேடி வாசிச்சிருக்கேன். தமிழ்ப் பற்று இல்லாதவன்னு கமெண்ட்ல அடிக்க வர்றவங்க முழுசா வாசிச்சிட்டு வாங்க.

மர்டொக்னு ஒரு மானிடவியல்காரர் உலகம் பூரா இருந்து தாய், தகப்பனைக் குறிக்கிற சொல்லா 1072 சேத்து வச்சிருந்தாரு. அதை வச்சி ரோமன் யாக்கொப்சன்னு மொழியியல் அறிஞர் எழுதின கட்டுரை 1960ல வந்துச்சு. தாயைக் குறிக்கிற சொல்லுல 55 சதவீதம் ம, ந மாதிரி மூக்குச் சத்தம், தகப்பன் சொல்லுல அது 15 சதவீதம்தான். பால் குடிக்கிற புள்ளைக்கு வாய் அடைச்சிருக்கு, மூக்கால மட்டும்தான் முனக முடியும், பொறவு பாலைக் கண்டாலே, பசிச்சாலே அதே முனகலைப் போடும், அதைப் பெரியவங்க தாயோட பேரா எடுத்துக்கிட்டாங்க, இதுதான் அவர் சொல்ற காரணம்.

இதை வாசிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. எங்க அம்மாயி தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல, அதாவது தாய்மாருங்க கொழுந்து பறிக்கப் போறப்ப புள்ளைங்களை விட்டுட்டுப் போற எடத்துல, வேலை செஞ்சாங்க, ஸ்கூல் லீவுல நானும் போய் சேலைத் தொட்டில் ஆட்டுவேன். தாய்மாருங்க காலையில பறிச்ச கொழுந்தை எடை போட்டுட்டு, கூடையை வாசல்ல இறக்கி, இடுப்புல சேலை நனையாமக் கட்டின படங்கை அவுத்துப் போட்டுட்டு, கைக் கறையை சோப்புப் போட்டுக் கழுவினாத்தான் புள்ளையத் தூக்கலாம், அது அம்மாயி போட்ட சட்டம். ஈரப் படங்கு சரசரக்குற சத்தம் கேட்ட உடனேயே உள்ளுக்க நாலஞ்சு தொட்டில்ல இருந்து ம்ம்ம் ம்ம்ம்னு ஆரம்பிச்சிரும், இன்னும் தாய் மூஞ்சியக்கூட பாத்திருக்காது. அதுங்களுக்கு யாரு தமிழ் சொல்லிக் குடுத்தா?

அதனாலதான் சீனத்துலயும் மாமா, சுவாஹிலியிலயும் மாமா, அரபில உம்ம், கொரியாவுல ஒம்மா. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கடன் வாங்கினது இல்ல. இங்கிலிஷ் மதரும் சமஸ்கிருத மாதாவும் மட்டும் ஒரே குடும்பம், அது வேற கதை. சிங்களத்து அம்மா நம்மகிட்ட வாங்கினதுதான்னு அடிச்சிப் பேசுறவங்க, பாளி மொழியிலயும் அம்மான்னு ஒரு சொல் இருக்குங்கிறதையும் சேத்துப் பேசணும்.

எல்லா இடத்துலயும் 'ம' தான்னும் இல்ல. ஜோர்ஜிய மொழியில மாமான்னா அப்பா, அம்மாவுக்கு தேதா! துளுல அம்மாவுக்கு அப்பே. இவ்வளவு தூரம் ஏன் போகணும், கண்டிப் பக்கம் சிங்கள ஆளுங்க அப்பாவை அப்பச்சின்னு கூப்பிடுவாங்க, யாழ்ப்பாணத்துல அப்பாச்சின்னா அப்பாவோட அம்மா. ரெண்டு பேரும் ஒரே ஒபீஸ்ல இருந்தா கூத்துதான்.

இப்ப என் கடுப்புக்கு வர்றேன். நான் எங்கம்மாவை ஆயின்னுதான் கூப்பிடுவேன். கொழும்புல வேலைக்குப் போன புதுசுல ஃபோன்ல 'ஆயி'ன்னு வந்ததைப் பாத்துட்டு பக்கத்து சீட்டு அக்கா, நல்ல படிச்ச தமிழ் ஆள், "உங்க வீட்டுல ஆயா எல்லாம் வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. "என் அம்மாங்கக்கா"ன்னு சொன்னேன். "ஓ, எஸ்டேட் பக்கம் அப்படியா சொல்லுவீங்க"ன்னு ஒரு இழுவை. அந்த இழுவைதான் இன்னும் எரியுது. மலைநாட்டுல இருந்து எத்தன பொம்பளப் புள்ளைங்க கொழும்பு வீடுகள்ல புள்ள பாக்கப் போயிருக்கோம்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த இழுவையோட அர்த்தம் புரியும்.

புள்ள பாக்குற ஆயாங்கிறது போர்த்துக்கேயர் கொண்டாந்த 'ஐயா'ங்கிற சொல்லு, அதுக்கு அங்க செவிலின்னு அர்த்தம், அதுக்கு மூலம் லத்தீன்ல பாட்டியக் குறிக்கிற சொல். எங்க ஆயி அது இல்ல. தமிழ்ல ஆய்னா தாய். குறுந்தொகை 40வது பாட்டு 'யாயும் ஞாயும் யாரா கியரோ'ன்னு தொடங்கும், யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா. யாய், ஞாய், தாய் மூணுக்குள்ளயும் ஆய் இருக்கு. மராத்திக்காரங்க இன்னைக்கும் அம்மாவை ஆயின்னுதான் பெருமையா கூப்பிடுறாங்க, அவங்கள யாரும் இழுக்கிறது இல்ல. 'ம' வராததால அது அம்மா இல்லாமப் போயிருமா?

இதுல இன்னொரு கூட்டம், பரிசளிப்பு விழா மேடை கிடைச்சா போதும், மம்மின்னா பிணம்னு ஆரம்பிச்சிருவாங்க. எகிப்து மம்மி அரபு 'மூமியா'வுல இருந்து வந்தது, அதுக்கு மூலம் மெழுகுக்கு பாரசீகத்துல சொல்ற 'மூம்'. புள்ளைங்க கூப்பிடுற மம்மி வேற. உங்க வாண்டு அப்படிக் கூப்பிட்டா மாமியார்கிட்ட இதைச் சொல்லுங்க. நான் மம்மிக்கு வக்காலத்து வாங்கல, எங்க வீட்டுல கூப்பிட விடமாட்டேன், ஆனா பொய்யச் சொல்லித் தமிழை வளக்க வேணாம்.

எங்க பொம்பளைங்க பேரைப் பாருங்க, ராமாயி, செல்லாயி, பொன்னாயி, காமாயி. எங்க ஆயி பேரு மாரியாயி. அடையாள அட்டை எடுத்தப்ப ஒரு கிளார்க் மகராசன் அதை மரியான்னு எழுதி வச்சிட்டான், வேற மதமே ஆக்கிட்டான். தோட்டத்துச் செக்ரோல்ல (வேலையாளுங்க பேர்ப் பதிவுல) மாரியாயி, பிறப்புச் சான்றிதழ்ல மாரியாய், அடையாள அட்டையில மரியா. இப்ப ஓய்வுக்குப் பொறவு சேமலாப நிதி, அதான் ஈபிஎஃப் காசு, எடுக்கப் போனா மூணும் ஒரே ஆளுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. வாழ்நாள் பூரா கொழுந்து பறிச்ச கைய நீட்டிக் காட்டவா முடியும்? கிராம சேவகர் கடிதம் குடுத்தாச்சு, சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) முடிச்சாச்சு, போன வாரம் போனா "பிறப்புச் சான்றிதழையும் திருத்திட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க, ஹட்டன்ல இருந்து பஸ் ஏறி வந்த மனுசிக்கு உக்கார ஒரு கதிரை குடுக்கல.

கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைதான், மன்னிச்சிக்கோங்க. ஆனா இதை வாசிக்கிறவங்கள்ல யாராச்சும் இந்த மாதிரி பேர் பிரச்சினையோட சேமலாப நிதி எடுத்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, பிறப்புச் சான்றிதழை நிஜமாவே திருத்தணுமா, இல்ல அடையாள அட்டையை மட்டும் மாத்தினா போதுமா?