அழைப்பு வந்திருக்கிறது, பணம் கட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளை 'டௌ பீட்டா பை' என்ற கௌரவ சங்கத்தில் சேர அழைத்திருக்கிறார்கள். பணமும் கேட்கிறார்கள். கௌரவத்துக்கு எதற்குக் காசு? ஏமாற்று வேலையா? சேர்ந்தால் வேலை கிடைக்குமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏமாற்று இல்லை. முதலில் மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சந்தேகப்பட்டது நியாயம்தான். கௌரவ சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட மாணவருக்கெல்லாம் மெயில் அனுப்பிக் காசு பார்ப்பவர்களும் அங்கே உண்டு. மகள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே சங்கத்துக்குக் கிளை இருக்கிறதா, அதற்குப் பொறுப்பாகப் பேராசிரியர் யாராவது இருக்கிறாரா என்று டீன் அலுவலகத்தில் அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்துவிடும்.

இந்தச் சங்கம் 1885இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கு முன்பே, 1776இலிருந்து, ஃபை பீட்டா காப்பா என்ற கௌரவ சங்கம் இருந்தது. ஆனால் அது கலை, அறிவியல் படிப்பவர்களுக்கு. இன்ஜினியரிங் மாணவர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அங்கே இடமில்லை. இது சரியில்லை என்று நினைத்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற சுரங்கவியல் பேராசிரியர்தான் டௌ பீட்டா பையைத் தொடங்கினார். இத்தனைக்கும் அவரே ஃபை பீட்டா காப்பா உறுப்பினர்.

மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் பெயரையே பரிசீலிப்பார்கள். மார்க் அதோடு சரி. அப்புறம் கிளை உறுப்பினர்கள் உட்கார்ந்து, இவர் நடத்தை எப்படி, நேர்மை எப்படி என்று பேசி ஓட்டுப் போடுவார்கள். வீட்டை விட்டு அத்தனை தூரத்தில் இருக்கும் பெண்ணை, கூடப் படிக்கிறவர்கள் நல்லவள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும், பார்க்கிறவர்கள் மதிப்பார்கள். அதுவே வேலை வாங்கித் தராது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1969 வரை இந்தச் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. தகுதியுள்ள பெண்ணுக்குத் தனியாக ஒரு பேட்ஜ் கொடுத்து வெளியே நிறுத்தினார்கள். உங்கள் மகள் உள்ளே போகிறாள்.

பணம் ஒரே தடவைதான், உறுப்பினர் தகுதி ஆயுளுக்கும். ஆனால் அங்கே உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. பாலத்தைத் தாங்கும் கால்சட்டத்தின் வடிவம்தான் சங்கத்தின் சின்னம். சில கிளைகளில் புதிதாக வருகிறவர் கையில் அந்த வடிவில் சொரசொரப்பான வார்ப்பைக் கொடுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கச் சொல்வார்கள். கால்குலஸில் திணறும் ஜூனியர்களுக்குச் சாயங்காலம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் கிளைகளும் நிறைய.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, எவ்வளவு கட்டணம் என்று ஆரம்பிக்காதீர்கள். கிளைக் கூட்டத்துக்குப் போனாயா, அங்கே யார் யார் இருந்தார்கள், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்திருக்கிறது என்றால் அன்றைக்கே பணம் அனுப்பிவிடுங்கள்.