கேம் செலவைக் குறைக்க என்ன வழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிதாக கேம் கன்சோல் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி) வாங்கப் போகிறேன். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவாக இருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?

நீங்கள் எப்படி ஆடுபவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வருடம் முழுக்க ஒரே ஃபுட்பால் கேமும் சில இலவச கேம்களும் போதும் என்றால் டிரைவ் இல்லாததையே எடுங்கள். கதையுள்ள பெரிய கேமை ஒருமுறை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடுகிற ஆள் என்றால் டிரைவ் அவசியம்.

கணக்கு சுலபம். 100 கொடுத்து வாங்கிய டிஸ்க்கை ஆடி முடித்து 60-க்கு விற்றால் உங்கள் செலவு 40. அதே கேமை டிஜிட்டலில் (டவுன்லோட் செய்யும் பிரதியாக) பாதி விலைத் தள்ளுபடிக்குக் காத்திருந்து 50-க்கு வாங்கினாலும் அந்த 50 போனதுதான், திரும்பி வராது. போதாக்குறைக்கு, டிரைவ் இல்லாத கன்சோலில் கேம்களைப் பெரும்பாலும் அந்த கம்பெனியின் ஸ்டோரில்தான் வாங்க வேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை. பேரம் பேசவும் முடியாது, நண்பனிடம் கடன் வாங்கவும் முடியாது.

இரண்டுங்கெட்டானாக யோசிப்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) டிஜிட்டல் மாடலில் டிரைவைப் பிறகு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும் அப்படித்தான். முதல்முறை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். ஆனால் 2020-இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷனில் இந்த வசதி கிடையாது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் கிடையாது. பழைய கன்சோல் தேடுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் எந்த மாடல் என்று பார்த்துவிடுங்கள்.

டிரைவால் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிஎஸ்4 டிஸ்க்குகள் அநேகமாக எல்லாமே பிஎஸ்5-இல் ஓடும். டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்குகளும், எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து கேம்களில் கணிசமானவையும் ஓடும். போன தலைமுறையின் அருமையான கேம்கள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்டில் கொள்ளை மலிவு.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கீறல் இருந்தால் போச்சா?

எல்லாக் கீறலும் ஆபத்தில்லை. இன்றைய கன்சோல் கேம்கள் ப்ளூ-ரே வகை டிஸ்க்கில் வருகின்றன. இதில் டேட்டா இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதனால்தான் ப்ளூ-ரே டிஸ்க்கின் மேல் கடினமான பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். மெல்லிய கோடுகளை அந்தப் பூச்சே தாங்கிக்கொள்ளும். ஆனால் அதையும் தாண்டிக் கீறல் இறங்கிவிட்டால் நேராக டேட்டாவில் கைவைத்துவிடும். டிவிடிக்குச் செய்கிற மாதிரி பாலிஷ் போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தேய்ப்பதற்கு அங்கே அவ்வளவு தடிமனே இல்லை.

டிஸ்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டும்போது எங்காவது தடுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பலர் கேம் ஓப்பன் ஆனதுமே நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே டிஸ்க்கில் இருப்பதை உள் நினைவகத்துக்கு காப்பி செய்துகொண்டுதான் ஆட விடுகின்றன. பாதி இன்ஸ்டால் ஆனதும் ஆரம்பப் பகுதியை ஆட விடுகிற கேம்களும் உண்டு. பழுது இருந்தால் இன்ஸ்டால் 70, 80 சதவீதத்தில் போய் நின்று பிழைச் செய்தி வரும். ஆகவே இன்ஸ்டால் முழுவதும் முடியும்வரை பார்த்துவிட்டு, அப்புறம் விற்றவரிடம் 'சரி' சொல்லுங்கள்.

பெட்டிக்குள் உள்ள கூடுதல் கன்டென்ட்டைத் திறக்கும் குறியீட்டு எண்களை முதல் சொந்தக்காரர் பயன்படுத்தியிருப்பார், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வேறு நாட்டு டிஸ்க் என்றால் கேம் ஓடும். ஆனால் பிளேஸ்டேஷனில் பின்னால் டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்க நினைத்தால் டிஸ்க்கின் ரீஜனும் உங்கள் அக்கவுண்டின் ரீஜனும் பொருந்த வேண்டும்.

மாதச் சந்தா (பணம் கட்டும்வரை ஒரு பட்டியலில் உள்ள கேம்களை ஆட விடும் திட்டம்) எடுப்பது லாபமா, கேமாக வாங்குவது லாபமா?

சந்தா லாபம்தான், வருடம் முழுக்க எடுக்காத வரை! ஆட நினைக்கும் மூன்று நான்கு கேம்கள் பட்டியலில் சேரும்வரை பொறுத்திருந்து, ஓய்வு கிடைக்கிற மாதமாகப் பார்த்து எடுங்கள். எடுத்த அன்றே ஆட்டோ ரினியூவலை ஆஃப் செய்துவிடலாம்; கட்டிய நாட்கள் முடியும்வரை சந்தா இருக்கும். 'அப்புறம் செய்துகொள்ளலாம்' என்று விட்டால் ஆடாத மாதத்துக்கும் பணம் போகும்.

சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ்ஸில் 2022-லிருந்து எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, பிரீமியம் என்று மூன்று நிலைகள். எசென்ஷியலில் மாதாமாதம் தரும் கேம்களை அந்த மாதமே லைப்ரரியில் சேர்த்துவிட்டால், சந்தா இருக்கும்போதெல்லாம் ஆடலாம். நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி சேர்ந்தாலும் அவை திரும்பி வரும். எக்ஸ்ட்ராவின் பெரிய பட்டியல் அப்படியில்லை. அதிலிருந்து கேம்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும், 80 மணி நேர கேமை மாதக் கடைசியில் ஆரம்பித்து மாட்டிக்கொள்ளாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட்டில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த கேம்கள் பல வெளியான நாளிலேயே வந்துவிடுவதுதான் கவர்ச்சி. 2025 அக்டோபரில் அதன் கட்டணம் பல நாடுகளில் எகிறியதிலிருந்து, வருடக்கணக்கில் வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் ஆட எந்தச் சந்தாவும் வேண்டாம். அதற்காகவே பல வீடுகளில் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆவலோடு எதிர்பார்த்த கேம் அடுத்த மாதம் வருகிறது. ப்ரீ-ஆர்டர் செய்தால் நல்லதா?

டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகிற பொருளா என்ன? எதற்கு முன்பதிவு?

சைபர்பங்க் 2077-ஐ நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் வெளியானபோது பழைய கன்சோல்களில் ஆட முடியாத அளவுக்குப் பிழைகள். அதே மாதத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் விரிவாக்கம், டிசம்பரில் எல்லாம் அடங்கிய அல்டிமேட் எடிஷன். பொறுத்தவர்களுக்குச் சரியாக ஓடுகிற, முழுமையான கேம் கிடைத்தது. முதல் நாள் வாங்கியவர்கள் சோதனை எலிகள்.

ஆன்லைன் மல்டிபிளேயர் கேம் என்றால் என் பதில் மாறும். கூட்டம் இருப்பதே முதல் சில மாதங்களில்தான், நண்பர்கள் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். தனியாக ஆடும் கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவையுங்கள், தள்ளுபடி வந்தால் அதுவே தெரிவிக்கும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கி மனம் மாறினால் 14 நாட்களுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் ஆரம்பித்திருக்கக் கூடாது. வாங்கியதுமே தானாக டவுன்லோட் ஆகிற வசதியை ஆஃப் செய்து வைப்பது இதற்காகத்தான்.

நின்டெண்டோ கேம்கள் விலையே குறைவதில்லையே, எவ்வளவு காலம் காத்திருப்பது?

காத்திருக்காதீர்கள். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017-இல் வந்தது; பல வருடம் கழித்தும் முழு விலைக்கே விற்றது. நின்டெண்டோவின் சொந்த கேம்கள் என்றாலே இதுதான் கதை. ஆனால் அதே காரணத்தால் அவற்றின் கார்ட்ரிட்ஜ் (டிஸ்க்குக்குப் பதில் வரும் சிறிய கார்டு) மறுவிற்பனையிலும் மதிப்பு இழப்பதில்லை. பழையதாக வாங்கி, ஆடி, கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்றுவிடலாம். மற்ற கம்பெனிகளின் கேம்களுக்கு நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் ஸ்டோரிலேயே தாராளமாகத் தள்ளுபடி வரும். டெக்கு டீல்ஸ் போன்ற தளங்களில் ஒரு கேம் இதுவரை தொட்ட குறைந்த விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்விட்ச் 2 வைத்திருந்தால் 'கேம்-கீ கார்டு' என்ற அறிவிப்பு பெட்டியின் முன்பக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தக் கார்டில் கேம் இருக்காது, டவுன்லோட் செய்ய வேண்டும். விற்க முடியும்; ஆடுவதற்குக் கார்டையும் செருக வேண்டும்.

அண்ணன் தம்பி இருவரிடமும் ஆளுக்கொரு பிஎஸ்5. ஒரே கேமை இரண்டு முறை வாங்க வேண்டுமா?

வேண்டாம். அண்ணன் தன் அக்கவுண்டில் வாங்கட்டும். தம்பியின் கன்சோலில் அண்ணன் அக்கவுண்டால் லாகின் செய்து, 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே'யை அங்கே ஆன் செய்யுங்கள். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு கன்சோலில்தான் இதை வைக்க முடியும். தம்பி தன் சொந்த அக்கவுண்டில் ஆடுவார். அண்ணன் தன் கன்சோலில் இன்டர்நெட் இணைப்போடு ஆடுவார். எக்ஸ்பாக்ஸில் இதே வேலையை 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' செய்கிறது. டிஜிட்டலில் வாங்கிய கேமுக்கு மட்டுமே இந்த வழி.

கேம்கள் நிறைந்த அக்கவுண்ட் ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். விற்றவர் எப்போது நினைத்தாலும் பாஸ்வேர்டை மீட்டுவிடுவார். புகார் கொடுக்கவும் முடியாது, அக்கவுண்டை விற்பதே விதிமீறல்.

மகன் இலவச கேமில் பணத்தைக் கரைக்கிறான். எப்படித் தடுப்பது?

உங்கள் பேங்க் கார்டு விவரத்தை கன்சோலிலிருந்து எடுத்துவிடுங்கள், முதல் வேலை அதுதான். அவனுக்குச் சிறுவர் அக்கவுண்ட் தொடங்கி மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வைக்கலாம். ஏதாவது கொடுக்க விரும்பினால் கிஃப்ட் கார்டு போட்டு, வரம்பை அந்த அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஃபுட்பால் கேமில் பணம் போட்டுச் சேர்க்கும் அணி அடுத்த வருட கேமுக்குக் கூடவே வராது என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள். அதட்டலைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பிஎஸ்5-இல் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது. எஸ்எஸ்டி (வேகமான கூடுதல் நினைவகம்) வாங்கியே ஆக வேண்டுமா?

சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் போதும். பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேம்களை அதில் நிறுத்திவைத்து, ஆடும்போது உள்ளே மாற்றிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் முடித்த கேம்களை டெலீட் செய்யுங்கள். நீங்கள் ஆடிய இடம் பதிவான சேவ் ஃபைல் தனியாக இருக்கும், அழியாது.