ஸ்கூபா பயிற்சி கொடுத்தவரே கருவிகளையும் வாங்கச் சொல்கிறார். சேலத்தில் இருக்கும் நான் வாங்கலாமா?

கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மட்டும் வாங்குங்கள். மற்றவற்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. ‘செய்கூலி இல்லை’ என்று ஒரு கடை பலகை வைத்தால், அந்தக் கூலி எதில் ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். அப்படிப்பட்ட நானே புதுச்சேரியில் கோட்டை விட்டேன். பயிற்சிக் கட்டணம் மலிவாக இருந்தது. நான்காம் நாள், 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற சான்றிதழோடு ஒரு விலைப்பட்டியலும் கைக்கு வந்தது. கடலுக்கடியில் நம் உயிரைப் பார்த்துக்கொண்டவர் “இதையே வாங்குங்க சார்” என்றால் எவன் பேரம் பேசுவான்? சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், மிதவைச் சட்டை எல்லாம் வாங்கினேன். வருடத்துக்கு இரண்டு முறை கடலைப் பார்க்கிறவனுக்கு எதற்கு? இப்போது அவை பரணில், பாட்டியின் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. சும்மா கிடந்தாலும் ரெகுலேட்டரின் ரப்பர் வளையங்கள் கெடும். சர்வீஸ் செலவு தனி.

பயிற்சியும் விற்பனையும் ஒட்டிக்கொண்டது புதிதல்ல. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பை அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய இருவரில் ரால்ஃப் எரிக்சன் நீச்சல் பயிற்சியாளர். ஜான் குரோனின் டைவிங் கருவி விற்றவர். கருவி விற்பதைக் குற்றம் என்று நான், ஒரு வியாபாரி, எப்படிச் சொல்வேன்?

என் வருத்தம் வேறு. இவ்வளவு விற்றவர், எந்த ஊருக்குத் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி நாள் காலையில் டைவ் முடித்து, அன்று இரவே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். டைவ் செய்யும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால், காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பார்கள். 2,000 அடிக்கு மேல் மலையேறவும் அதே கணக்குதான். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கணக்கை அடுத்த பயணத்தில் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார்.

மாஸ்க்குக்கு வருகிறேன். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பிடித்தபடி கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மீசை இருந்தால் கொஞ்சம் கசியும். வாங்கியதும் கண்ணாடியின் உட்புறம் பற்பசை தடவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். புது மாஸ்க்கில் இருக்கும் படலம் போகாவிட்டால் தண்ணீருக்குள் மூடுபனிதான்.