போர்டு வீட்டின் பாதுகாப்பு யார் செலவு?

கேள்வி: அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கட்டட உறுதி ஆய்வு, லிஃப்ட் சோதனை, தீத்தடுப்பு ஏற்பாடு ஆகியவற்றுக்கு மாநகராட்சியே பணம் ஒதுக்க வேண்டும் என்கிறார் ஒரு மாமன்ற உறுப்பினர். அது வீடுகளைக் கட்டிய வாரியத்தின் செலவு என்கிறார் இன்னொருவர். நூலக வரியைப் போலச் சொத்துவரியுடன் சேர்த்துத் தனியாக வசூலிக்கலாம் என்பது மூன்றாமவரின் யோசனை. யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: இரண்டாமவர் சொல்வது சரி, முதலாமவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, மூன்றாமவரின் யோசனை நடைமுறைக்கு வராது.

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழைக்கப்படும் அமைப்பு கட்டிய வீடுகள், கிரயப் பத்திரம் கைமாறும் வரை அந்த வாரியத்தின் சொத்து. தூணும் கூரையும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது உரிமையாளரின் கடமை. குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவை மாநகராட்சியின் வேலை. கழிவுநீர் தேங்கி அடித்தளம் ஊறினால் அதற்கு மாநகராட்சியும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் முதலாமவருக்குப் பாதி நியாயம் என்றேன்.

ஆனால் மாநகராட்சியின் கையில் இருக்கும் பணம் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மத்திய அரசு தர வேண்டிய பணத்தைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில், வேலூர் போன்ற பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டுப்படுத்தப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றிருந்தது. எனவே மாமன்றம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய தொகை, 60 வார்டுகளின் சாலைக்கும் கால்வாய்க்கும் பங்கிடப்பட்ட பிறகு மிஞ்சுவதுதான்.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அனைவருக்கும் வீடு திட்டத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மத்திய அரசு தந்த 1.5 லட்சம் ரூபாயும், மாநிலத்தின் பங்கும், பயனாளியின் பங்களிப்பும் கட்டி முடிப்பதற்கான பணம். பத்தாவது ஆண்டில் அந்தக் கட்டடத்தை யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சென்னை திருவொற்றியூரில் 1993-இல் கட்டப்பட்ட, 24 வீடுகள் கொண்ட தொகுப்பு 2021 டிசம்பரில் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதன்பின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. இடிந்த பிறகு உடனே கிடைக்கிற பணம், இடியுமுன் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. அதே ஆண்டில் புளியந்தோப்பில் புத்தம்புதிய குடியிருப்பின் பூச்சு தொட்டால் உதிர்ந்தபோதும், ஐ.ஐ.டி. வல்லுநர்களை அழைத்தது புகார் எழுந்த பின்புதான். ஆகவே பழைய கட்டடத்துக்கு மட்டும் உரிய கவலை இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

மூன்றாமவரின் யோசனைக்கு வருவோம். நூலக வரி 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் வந்தது; மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டு அப்படியொரு வரியை விதித்துவிட முடியாது. மேலும், வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய புகார். தனிக் கணக்கு இல்லாத தனி வரி பொது நிதியில் கலந்து, சம்பள நாளில் சம்பளத்துக்குத்தான் போகும். 2022-இல் வேலூரிலும் சொத்துவரி உயர்ந்து, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது. இன்னொரு சுமையை மக்கள் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் நாங்கள் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்துக்கு இணையான தொகையை அரசும் தருகிறது. உறுதித்தன்மை ஆய்வையும் அதிலேயே செய்துகொள்ளச் சொல்வது முறையா?
– வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: முறையல்ல. அந்தப் பணம் பெருக்குவதற்கும், மோட்டாருக்கும், படிக்கட்டு விளக்குக்கும் உரியது. மோட்டார் கருகிய மாதத்தில் தண்ணீருக்கு முன்னால் வேறு எந்தச் செலவும் நிற்காது; ஆய்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், அதற்கடுத்த ஆண்டுக்கும்தான். பொறியாளர் ஆய்வுக்கான தொகை வாரியத்தின் வரவு செலவில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பதே நியாயம்.

உங்கள் சங்கம் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் கழிவறைக்குக் கீழ்த்தளத்துக் கூரையையும் மழைக்காலம் முடிந்ததும் அண்ணாந்து பாருங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால், பூச்சு பெயரும் முன்பே கம்பியின் போக்கில் செம்பழுப்புக் கோடு தெரியும். அதைத் தேதியுடன் படமெடுத்து, கதவு எண் குறித்து, வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். ஆண்டு வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் மாமன்றத்துக்கு வருகிறது. எனவே கழிவுநீர்க் கசிவு போன்ற மாநகராட்சியின் பங்கை ஜனவரிக்குள் கேட்டால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறும்.