அப்பா ஏன் காரில் இருந்தார்?

கேள்வி: கோபி பக்கம் எங்கள் ஊர். நான் கல்யாணமாகி கோவையில் இருக்கிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு ஆர்.எஸ்.புரம். வரவேற்புக்கு நாங்கள் எடுக்கும் பட்டுப் புடவையை டி.பி. ரோட்டில் ஒரு பெரிய கடையில் பார்த்தோம். 48,000 ரூபாய். அப்பா மஞ்சள் விற்ற பணம் இருக்கிறது. (அன்று வேட்டியெல்லாம் கறையாக இருந்ததால் அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம்.) அம்மாவோ ஒப்பணக்கார வீதியில்தான் எடுக்க வேண்டும் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: எந்தக் கடை என்ற சண்டை எல்லாக் கல்யாண வீட்டிலும் நடப்பதுதான். அதை விடுங்கள். அப்பாவைக் காரில் இருக்கச் சொன்னது யார், அம்மணி? நீங்களா, தங்கையா?

மஞ்சள் ஏறக்குறைய பத்து மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, விலை வரும்வரை காத்திருந்து விற்ற காசு அது. அந்தக் காசு கடைக்குள் வரலாம், சம்பாதித்தவர் மட்டும் வரக்கூடாதா? கறை என்கிறீர்களே, உங்களைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்ததும் அந்த வேட்டிக்காரர்தானே?

கடைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமா? அந்த டி.பி. ரோடு இருக்கிற அதே ஆர்.எஸ்.புரத்தில்தான் உழவர் சந்தையும் இருக்கிறது. குடியானவர்கள் கொண்டுவரும் காயைத்தான் அந்தப் பகுதி வீடுகளில் வாங்கிச் சமைக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வேட்டியைப் பார்க்காதவர்கள் இல்லை. கூச்சம் உங்களுக்குத்தான். இப்போதே இப்படி என்றால் வரவேற்பு மேடையில் அவரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? பெற்றவரை வெளியே உட்காரவைத்துவிட்டு எடுக்கிற பட்டு எத்தனை ஆயிரம் ஆனாலும் எனக்குப் பெரிதில்லை. நம் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் பெரியவர்களை முன்னால் உட்காரவைப்போம். அது மரியாதை மட்டுமல்ல, கடமை.

சரி, பட்டு விஷயம். கடை பெரியது என்பதற்காக நம்பி வாங்காதீர்கள். அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது பட்டு நூலுக்குத்தான், ஜரிகைக்கு அல்ல. ஜரிகை என்ன ரகம் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் பட்டு நெய்கிறார்கள், அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் தங்கையைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் எல்லோருமாகக் கடைக்குப் போங்கள். எந்தக் கடை என்று அவர் சொல்லட்டும். ஒப்பணக்கார வீதி என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கூடப் போங்கள்.