முழுநேரமாகப் போக்கர் ஆடிக் குடும்பம் நடத்த முடியுமா? வேலையை விடலாமா?

நடத்த முடிந்தது. ஏழெட்டு வருடம் நான் நடத்தினேன். இன்றைக்கு இந்தியாவில் இணையத்தில் பணம் வைத்து ஆட வழியில்லை, அதனால்தான் "முடியும்" என்று எழுதவில்லை. சட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது வேறு என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. மேலதிகாரியைப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று மாதமாக ராத்திரி ஆட்டத்தில் கொஞ்சம் காசு பார்த்திருப்பீர்கள், அதைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என்னிடம் நேரில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் நின்றார்கள்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். நகரத்தார் குடும்பம்தான், ஆனால் செட்டிநாடு என்றதும் உங்கள் மனதில் வருகிற பணக்காரக் குடும்பம் இல்லை. அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தேவகோட்டையில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதினார். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முகப்பில் ஜமக்காளத்தை விரித்து விடிய விடிய ரம்மி ஆடுவார்கள், காசு வைத்துத்தான். அதை யாரும் சூது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஓர் அறையில் உட்கார்ந்து கணினியில் ஆடியதைத்தான் சூது என்றார்கள்.

இதைப் படித்ததும் "சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்கிறான்" என்று ஒருவர் வருவார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரம்மி திறமையை முக்கியமாகக் கொண்ட ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருந்த ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கிவிட்டது. அதற்காக அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. அதை எப்படித் தாங்குவது என்பதுதான் இந்தத் தொழிலே.

போக்கரில் ஹோல்டெம் என்ற வகையில் கையில் இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 கைகளுக்கு ஒரு தடவை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). அப்படி வந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டால், நூற்றில் 82 தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள். மீதி 18 தடவை, எந்தத் தப்பும் செய்யாமல், முழுப் பணத்தையும் இழந்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த கையை ஒழுங்காக ஆட வேண்டும். ஒரு கைக்கு இப்படி. மாதக் கணக்குக்கு வாருங்கள். 50/100 ப்ளைண்ட் மேசை (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் ப்ளைண்ட், இங்கே சின்னது 50 ரூபாய், பெரியது 100), பத்தாயிரம் ரூபாயோடு உட்காருகிறீர்கள். நூறு கைக்கு ஐந்து பெரிய ப்ளைண்ட் லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். அவர் 10,000 கை ஆடினால் சராசரியாக ஐம்பதாயிரம் லாபம் வரவேண்டும். ஆனால் அந்த 10,000 கைக்குள் ஏற்ற இறக்கம் லட்சம் ரூபாய் அளவுக்கு இருக்கும். ஆகவே நன்றாக ஆடுகிற மனிதரே ஏறக்குறைய பத்தில் மூன்று தடவை நட்டத்தில்தான் முடிப்பார். ஒரு லட்சம் கை ஆடிய பிறகும் அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் நட்டத்தில் நிற்பார்கள். நான்கு மேசையைத் திறந்து வைத்து ஆடினால்கூட ஒரு லட்சம் கைக்கு மூன்று மாதம் போல ஆகும்.

உங்களுடைய இரண்டு மூன்று நல்ல மாதங்களை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் ஏற்பாடு எளிமையானது. ஆடுகிற பணம் தனி வங்கிக் கணக்கு. உட்காரும் மேசைக்குக் குறைந்தது ஐம்பது பை-இன் (ஒரு தடவை மேசையில் உட்காரப் போடும் பணம்) அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன மேசைக்கு இறங்கிவிடுவேன். வீட்டுப் பணம் தனி. மாதப் பிறப்பன்று ஆத்தா கையில் ஒரே தொகை, ஜெயித்த மாதமும் தோற்ற மாதமும். தை மாதம் பழனிக்கு நடக்கும்போது மடிக்கணினியைத் தொட மாட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்கான பணத்தை முன்கூட்டியே அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கல்யாணம் நிச்சயமான வருடம் ஆடியில் ஆரம்பித்தது சறுக்கல். சரி, ஆடி போனால் சரியாகும் என்று ஆத்தா சொன்னது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. ஒரு மாதம் சமம், அடுத்த மாதம் இறக்கம், அப்புறம் இன்னும் இறக்கம். டவுன்ஸ்விங் என்பார்கள். பிடிக்காத வேலையைக்கூடச் செய்துவிடலாம். வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, மாதக் கடைசியில் முதலாளிக்கு நாம் சம்பளம் கொடுத்துவிட்டு வருவதுபோல ஐந்து மாதம் இருந்து பாருங்கள். தூக்கம் வரும், ஆனால் தூக்கத்திலும் சீட்டு விழுந்துகொண்டே இருக்கும். ஆடிய ஒவ்வொரு பெரிய கையையும் மறுநாள் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் சரியாகத்தான் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊரில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள், பையன் கல்யாணப் பணத்தைத் தோற்றுவிட்டான், வீட்டுப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டான் என்று. சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது.

அப்பச்சி சத்தம் போடவில்லை. "கணக்கு வச்சிருக்கியா?" என்றார். வைத்திருந்தேன். தேதி, மேசை, எத்தனை கை, எவ்வளவு போட்டது, எடுத்தது, ஆட்டத் தளம் ரேக் என்று பிடித்த கமிஷன், எதிரில் உட்கார்ந்தவர்களின் திரைப்பெயர் எல்லாம் உண்டு. அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னார். பட்டாலையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவோடு சாயங்காலம் முழுக்கப் பார்த்தார். அவருக்குப் போக்கரில் ஃப்ளாப் எது, ரிவர் எது என்று தெரியாது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, சில பக்கங்களில் வட்டமிட்ட பெயர்களைக் காட்டினார்.

"இந்த நாலு பேரும் தெனம் வர்றாகளே, இவுகளும் உன்ன மாதிரி பொழப்புக்கு ஆடுறவுகளா?"

"ஆமாப்பச்சி."

"அப்ப நீங்க அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்திக் குடுத்துக்கிறீக, எடம் குடுத்தவன் நடுவுல கமிசன எடுத்துக்கிறான். இதுல எங்கடா லாபம்?"

மேசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியாத பாடமல்ல. ஆனால் விடுமுறைக்காரர்கள், பொழுதுபோக்குக்கு வருபவர்கள் எவ்வளவு குறைந்துவிட்டார்கள் என்பதை அந்தத் தாளில் சிவப்பு வட்டங்களாகப் பார்த்தபோதுதான் முழுதாக உறைத்தது. ஐம்பது வருடம் பேரேடு பார்த்த கண் அது. போக்கர் பற்றி நான் எவ்வளவோ காணொளி பார்த்திருக்கிறேன், அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. அதன் பிறகு சனி, ஞாயிறு இரவுகளுக்கு என் நேரத்தை மாற்றினேன், தெரிந்த பெயர்கள் மூன்றுக்கு மேல் இருக்கும் மேசையில் உட்காருவதை விட்டேன். மார்கழிக் கடைசியில் நிமிர்ந்தது. தையில் கல்யாணம், அஞ்சலகப் பணத்தில், யாரிடமும் கடன் வாங்காமல். கதை கட்டியவர்களும் வந்து சாப்பிட்டார்கள்.

எனக்குப் பெண் பார்க்கும்போது வேறு ஒரு நியாயம் சொன்னார்கள். "வீட்டிலிருந்து ஐ.டி. வேலை என்று சொல்லிவிடலாம்" என்றார் நடுவில் பேசியவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வருமான வரித் தாளைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு இடம் தட்டிப் போனது, போகட்டும்.

நான் ஆடிய அறை எங்கள் பொது வீட்டின் மாடியில், பங்காளிகள் எல்லாருக்கும் பங்கு உள்ள வீடு. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை ஒரு படப்பிடிப்புக்கு விட்டார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரில், கண்ணாடி போல மின்னுகிற சுவரில், விளக்குக்காக ஆணி அடித்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜெனரேட்டர் எண்ணெயைக் கொட்டினார்கள். அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிறார்கள். பழைய வண்ணத்துக்கு ஒத்த கல்லைத் தேடி நான் அலைந்தேன், கிடைக்கவில்லை. நட்டஈடு தருகிறோம் என்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. இப்படி வீட்டையே குத்திக் கிழித்து வந்த வாடகையைப் பங்கு பிரித்து வாங்கிக்கொண்டவர்கள், முப்பது சதவீதம் வரி கட்டிய என் பணத்தில் கூரை ஓடுகளை மாற்றியபோது "அந்தப் பணம் வீட்டுக்கு ஆகாது" என்றார்கள். இன்னொரு பக்கம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், பிரிக்கப்பட்ட வீடுகளின் தூணும் கதவும் வரிசையாக விலைக்கு நிற்கின்றன. அதையெல்லாம் பாவம் என்று யாரும் சொல்வதில்லை.

வரி என்றேன். 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீதம், பணத்தை எடுக்கும்போதே பிடித்தார்கள். இந்த வருட நட்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழிக்க முடியாது. செலவு எதையும் காட்ட முடியாது, கணினியையோ மின்கட்டணத்தையோகூட. அதே வருடம் அக்டோபரில், போடுகிற பணத்தின் மேலேயே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. தளங்கள் போனஸ் கொடுத்துச் சமாளித்தன. ஆனாலும் என் மேசைகளில் புது முகம் வருவது குறைந்துகொண்டே போனது.

சட்டம் அதைவிட மோசம். 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், நான் பெங்களூரில் உறவினர் வீட்டுக்குப் போய் ஆடினேன். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் ஊருக்குத் திரும்பினேன். அக்டோபரில் கர்நாடகம் தடை போட்டது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது, எனக்கு நல்ல வருமானம் வந்த நேரமே அதுதான். கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகள் மொத்தத்தையும் தடை செய்தது. திறமை ஆட்டமா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார், தளங்கள் மேசைகளை மூடின. கற்ற வேலை ஒரு வாரத்துக்குள் போனது. கொரோனாவில் கடையைப் பூட்டியவர்களுக்குத் திறக்கும் நாள் என்று ஒன்று வந்தது.

கடன் வாங்கி ஆடி உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் குடும்பங்களைப் பற்றி நினைக்காமல் நான் இதை எழுதவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பணத்தை வைக்கிறார் என்று தெரிய வழியில்லை என்பது ஆடிய காலம் முழுவதும் என்னை உறுத்தியது. வருமானத்தைப் பார்த்து வரம்பு வையுங்கள், உரிமம் கொடுங்கள், என்னைப் போன்றவர்களைப் பதிவு செய்யுங்கள் என்றுதான் நான் கேட்டிருப்பேன். கேட்க ஆளில்லை.

அடுத்து "கோவாவுக்குப் போய் ஆடலாமா" என்பீர்கள். மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஆடலாம், அது அந்த மாநிலச் சட்டப்படி. ஆனால் நேர் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு இருபத்தைந்து, முப்பது கைதான் வரும். இணையத்தில் நான்கு மேசையில் மூன்று மாதத்தில் ஆடிய ஒரு லட்சம் கையை அங்கே முடிக்க, தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை நீங்கள் நல்ல ஆட்டக்காரரா, நல்ல நேரக்காரரா என்பதே உங்களுக்குத் தெரியாது. அறை வாடகையும் சாப்பாடும் தினம் போய்க்கொண்டிருக்கும். கையில் இரண்டு வருடச் செலவுக்குப் பணமும், வீட்டில் யாரும் உங்களை நம்பி இல்லை என்ற நிலையும் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் வேலையை விடாதீர்கள். நீங்கள் இதுவரை ஆடிய கைகளின் எண்ணிக்கை, மேசை அளவு, லாப நட்டம் மூன்றையும் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.