பதினான்கு சட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பல வருடமாகத் தொடரும் கால்பந்து அணியில் இரண்டு சீசன் ஆடிய ஒரு மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்), இந்த முறை பரம எதிரியான அணிக்கே போய்விட்டார். அவருடைய விவரங்களைத் தேடிப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் பதினான்கு கிளப்! கோல் அடித்தால் சட்டையில் இருக்கும் சின்னத்தை முத்தமிடுவார், அடுத்த வருடம் வேறு சட்டை. இவர்களைக் கூலிப்படை என்று சொன்னால் தவறா? இப்படியே ஆடி முடித்தபின் இவர்களுக்கு என்னதான் மிஞ்சும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேற்றுவரை நாம் கைதட்டிய ஆள் இன்று எதிரணியில் நின்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பதினான்கில் எத்தனை கிளப்பை அவர் விட்டார், எத்தனை கிளப் அவரை விட்டது? நீங்கள் பார்த்த பட்டியலில் அது இருக்காது. வருடமும் கிளப்பின் பெயரும் ஆட்ட எண்ணிக்கையும்தான் இருக்கும்.

முதல் நாலைந்து பெயர்கள் அநேகமாக லோனாக இருக்கும். பெரிய கிளப் ஒன்று பத்தொன்பது வயதுப் பையனை அனுபவம் வரட்டும் என்று கீழ்மட்ட அணிக்கு ஆறு மாதம் அனுப்பும். திரும்பி வந்ததும் வேறொரு அணிக்கு அனுப்பும். 2022-இல்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. நாடு விட்டு நாடு போகும் லோன் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது, லோனில் வந்தவரை இன்னொரு கிளப்புக்கு மறுபடி லோனில் தள்ளிவிடக் கூடாது என்று விதி வந்தது. உங்கள் ஆள் அதற்கு முன்பே அலைந்து முடித்தவர்.

அப்புறம் ஒப்பந்தம். வீரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டது. 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் கேட்டார்கள். சராசரி ஒப்பந்தக் காலம் இரண்டு வருடம்கூட இல்லை. 45 சதவீதம் பேரின் மாதச் சம்பளம் 1,000 டாலருக்கும் கீழே. முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கோடிகள் இந்தத் தொழிலின் ஒரு சின்ன மூலையில் மட்டும்தான் புழங்குகின்றன.

ஒப்பந்தத்துக்குள்ளும் கண்ணிகள் உண்டு. இத்தனை ஆட்டம் ஆடினால் இன்னொரு வருடம் தானாக நீளும் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்த ஆறு மாதத்தில் முழங்கால் போய்விட்டால் யார் பேசுவார்கள்?

ஒப்பந்தம் முடிந்ததும் சும்மா போகலாம் என்ற உரிமையே ஒரு சாதாரண மிட்ஃபீல்டர் போராடி வாங்கித் தந்ததுதான். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ழான்-மார்க் போஸ்மான். 1990-இல் ஒப்பந்தம் முடிந்து பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். அவரை விடுவதற்குப் பழைய கிளப் புதிய கிளப்பிடம் மாற்றுத்தொகை கேட்டது, பேரம் படியவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1995 டிசம்பர் 15 அன்று. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தத் தீர்ப்பில் கொழுத்தவர்கள் நட்சத்திரங்களும் அவர்களுடைய ஏஜென்ட்டுகளும். உங்கள் ஆளைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது ஒவ்வொரு மே மாதமும் பெட்டி கட்டும் சுதந்திரம்.

சரி, இந்த அலைச்சல் எல்லா வீரருக்கும்தானே என்று கேட்பீர்கள். மிட்ஃபீல்டருக்குக் கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம். கோல் அடிப்பவருக்குக் கோல்தான் சாட்சி, எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அந்த எண் பேசும். நடுவில் ஆடுபவரின் மதிப்பு பயிற்சியாளரின் திட்டத்தைப் பொறுத்தது. நடுவில் நான்கு பேர் நிற்கும் 4-4-2 அணியில் இரு பக்கக் கோல் பெட்டிகளுக்கும் இடையே ஓடியவர், புதிய பயிற்சியாளர் வந்து நடுவில் மூன்று பேர் என்றதும் மூன்றில் ஒரு இடத்துக்கும் பொருந்தாமல் போகலாம். அவர் ஆட்டம் மாறவில்லை, வேலை மட்டும் போய்விட்டது. பயிற்சியாளர்கள் தமக்குத் தெரிந்த மிட்ஃபீல்டரைக் கூடவே கூட்டிப்போவதும் இதனால்தான். 2018-இல் இத்தாலியின் நாபோலி கிளப் பயிற்சியாளராக இருந்த சாரி லண்டனின் செல்சிக்குப் போனபோது, அங்கே அவரிடம் ஆடிய மிட்ஃபீல்டர் ஜோர்ஜின்யோவும் கூடவே வந்தார். செல்சியில் அது செய்தி. மூன்றாம் டிவிஷனில் இது தினசரி நடப்பு, எழுத ஆள் இல்லை.

புதிய கிளப்பில் முதல் பதினைந்து நாளை யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த வாழ்க்கையில் பிடித்த பகுதி இதுதான். இடது பின்கள வீரர் பந்தைக் காலில் கேட்பாரா, முன்னால் ஓடும் இடத்தில் கேட்பாரா? நடுப் பின்களத்தில் நிற்கும் ஸ்டாப்பர் மேலே ஏறினால் அவர் விட்ட இடத்தை யார் மூடுவது? கோல்கீப்பர் கத்துவதில் எது எச்சரிக்கை, எது வெறும் திட்டு? புதிய நாடு என்றால் "பின்னால் ஆள்", "திரும்பு", "நேரம் இருக்கிறது" என்பதை எல்லாம் அந்த மொழியில் முதல் வாரமே காது பழகியாக வேண்டும். பத்து வருடம் ஒரே அணியில் ஆடிய நட்சத்திரம் இதை ஒருமுறை கற்றால் போதும். உங்கள் ஆள் பதினான்கு முறை கற்றிருக்கிறார். பதினைந்தாவது கிளப் அவரைக் கூப்பிட்டால் அதற்காகத்தான் கூப்பிடும்.

ரோஹன் ரிக்கெட்ஸ் என்று ஓர் ஆங்கில மிட்ஃபீல்டர். ஆர்சனல் இளையோர் அணியில் வளர்ந்து டாட்டன்ஹாமில் ஆடியவர். அதன்பின் வுல்வ்ஸ், டொரண்டோ, ஹங்கேரி, மால்டோவா, ஜெர்மனி, அயர்லாந்து, கோவாவின் டெம்போ, எக்வடோர், தாய்லாந்து, ஹாங்காங், டாக்காவின் அபாஹானி. இதைக் கூலிப்படை என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ, ஆடியே தீருவேன் என்ற பிடிவாதம்தான் தெரிகிறது. பணத்துக்காக மட்டுமே போகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கு இதைவிடக் குறுக்கான வழிகள் உண்டு.

சின்னத்தை முத்தமிடுவது எனக்கும் பிடிக்காது. அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

என்ன மிஞ்சும் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் ஒரே கிளப்பில் பத்து வருடம் இருந்தவருக்கு மரியாதை ஆட்டம் ஒன்று நடத்தும் வழக்கம் உண்டு. ஊர் ஊராகப் போனவருக்கு அது கிடையாது. சிலருக்கு அந்த அலைச்சலே முதலாகிறது. ஸ்பெயினிலிருந்து 1995-இல் இங்கிலாந்தின் நான்காம் நிலை லீகில் இருந்த விகன் கிளப்புக்கு வந்த ரொபெர்ட்டோ மார்ட்டினெஸ், பிறகு மதர்வெல், வால்சால், ஸ்வான்சி, செஸ்டர் என்று ஆடிய மிட்ஃபீல்டர். பயிற்சியாளராக அதே விகனுக்கு 2013-இல் இங்கிலாந்துக் கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தார், 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்தை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் பயிற்சியாளர் நாற்காலிகள் கொஞ்சம்தான். மற்றவர்கள் முப்பத்தைந்து வயதில், தேய்ந்த முழங்காலோடு, முதல் முறையாக வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள்.

எதிரணியாக அவர் உங்கள் மைதானத்துக்கு வரும்போது விசில் அடிப்பதும் கைதட்டுவதும் உங்கள் இஷ்டம். நான் என்றால் தட்டுவேன்.

அன்புடன்